அளவுகோல் நட்டிருக்கும் இடம்

இரணைமடுவில் எத்தனை அடி தண்ணீர் நிற்கிறது என்பது கிளிநொச்சியில் சின்னப் பிள்ளைக்கும் தெரிந்த கணக்கு. மாரி பிடித்துவிட்டால் காலைத் தேநீரோடு அந்த எண்ணும் வந்துவிடும். 36 அடியை நெருங்கினால் வான்கதவுகளைத் திறப்பார்கள், சனம் மோட்டார் சைக்கிளில் பார்க்கப் போகும். எங்கள் அப்பா மட்டும் அந்த எண்ணைக் கேட்டுவிட்டுப் பேசாமல் இருப்பார். எங்கள் வயல் வாய்க்காலின் கடைசியில் இருக்கிறது. குளத்தில் தண்ணீர் நின்றும் எங்கள் வரம்புக்கு வந்து சேராத சிறுபோகங்கள் உண்டு. "அளவுகோல் குளத்துக்குள்ள நிக்குது பிள்ளை, எங்கட வயலுக்குள்ள இல்லை" என்பார்.

கடந்த நவம்பரில் மாலை வகுப்பு முடிந்து எல்லோரும் போனபிறகு ஒரு பையன் நின்றான். உயர்தரத்தில் தகவல் தொடர்பாடல் தொழினுட்பவியல் படிப்பவன். போனை நீட்டி ஒரு வீடியோ காட்டினான். கணினி மொழிகளின் பெயர் போட்ட நிறப் பட்டைகள் வருடத்துக்கு வருடம் நீண்டு குறுகி ஒன்றையொன்று முந்துகின்றன. 1965 இல் ஃபோர்ட்ரான் முன்னால் நிற்கிறது, கோபோல் பின்னால் வருகிறது. பிறகு பாஸ்கல் ஏறுகிறது, சி ஏறுகிறது, ஜாவா எல்லோரையும் தள்ளிவிட்டுப் போகிறது. கடைசியில் பைதன். ஓட்டப் பந்தயம் பார்ப்பதுபோலத்தான் இருந்தது.

"டீச்சர், நாங்கள் படிக்கிற பைதன்தானே இப்ப நம்பர் வண். நான் கம்பஸ் முடிக்கேக்கையும் அதுதான் இருக்குமோ? இல்லாட்டி இப்பவே வேற ஒண்டைப் படிக்கத் தொடங்கட்டோ?"

ஒரு கிழமை தா தம்பி, யோசித்துச் சொல்கிறேன் என்றேன். அவனுக்குச் சொன்னதும் சொல்ல மறந்ததும் சேர்ந்ததுதான் இந்தப் பதிவு.

அந்த வீடியோவில் ஒரு சிக்கல் இருக்கிறது. 1965 இல் எந்த மொழியை எத்தனை பேர் பயன்படுத்துகிறார்கள் என்று மாதாமாதம் எண்ணிக்கொண்டிருந்தவர் ஒருவரும் இல்லை. பழைய பட்டைகள் அங்கொன்றும் இங்கொன்றுமாகக் கிடைத்த தகவல்களை ஒட்டிச் செய்தவை. வருடங்கள் முன்னால் வர வர எண்ணும் முறையும் மாறிக்கொண்டே வரும், ஆனால் பட்டை மட்டும் ஒரே பட்டையாக ஓடும். பார்ப்பவருக்கு ஒட்டுத் தையல் தெரியாது.

மாதாமாதம் ஒழுங்காக வரும் பட்டியல்களில் பழையது டியோபே. நெதர்லாந்தின் ஐந்தோவன் நகரில் இருக்கும் ஒரு நிறுவனம் 2001 இலிருந்து இதைச் செய்கிறது. அவர்கள் எண்ணுவது நிரல்களை இல்லை, நிரல் எழுதுபவர்களையும் இல்லை. கூகுள், பிங், விக்கிப்பீடியா, அமேசான் என்று 25 வரையான தேடு தளங்களில் மொழியின் பெயரையும் 'புரோகிராமிங்' என்ற சொல்லையும் சேர்த்துத் தேடினால் எத்தனை பக்கங்கள் வருகின்றன என்று பார்க்கிறார்கள். அதைச் சதவீதமாக்கி அடுக்குகிறார்கள். ஒரு மொழியைப் பற்றி உலகில் எவ்வளவு எழுதிக் குவித்திருக்கிறார்கள் என்பதுதான் அந்த எண்.

இந்த முறை எவ்வளவு ஆடக்கூடியது என்பதற்கு 2004 ஏப்ரல் ஒன்றே போதும். அந்த மாதம் ஜாவாவும் சி++ உம் பட்டியலில் சடாரென்று விழுந்தன. உலகத்தில் யாரும் ஜாவாவைக் கைவிடவில்லை. கூகுள் தன் தேடலில் செயற்கையாக மேலே ஏற்றப்பட்டிருந்த தளங்களைக் களையெடுத்தது, அவ்வளவுதான். அதோடு அந்த மொழிகளின் பக்கக் கணக்கும் இறங்கிவிட்டது. இனிமேல் ஒரே கிணற்றை நம்பக்கூடாது என்று டியோபே காரர்கள் அதன்பிறகு யாகூவையும் எம்எஸ்என்னையும் சேர்த்துக்கொண்டார்கள். அந்த மாதம் பட்டியலைப் பார்த்துவிட்டு ஜாவா படிப்பை நிறுத்திய யாரோ ஒரு பிள்ளை உலகின் ஏதோ ஒரு மூலையில் இருந்திருக்கும் என்று நினைத்தால் எனக்கு இப்போதும் மனம் கேட்பதில்லை.

டியோபேயின் முழு ஓட்டத்தையும் தள்ளி நின்று பார்த்தால் சில விடயங்கள் உறுதியாகத் தெரிகின்றன. 2001 யூனில் ஜாவா 26.49 சதவீதம் எடுத்தது. அதன்பிறகு ஜாவாவும் சியும் மாறி மாறி முதலிடத்தில் இருந்தன, இருபது வருடங்களுக்கு வேறு யாரும் அந்தக் கதிரையில் இருக்கவில்லை. 2021 ஒக்டோபரில் பைதன் வந்து அமர்ந்தது. 2025 யூலையில் பைதனின் பங்கு 26.98. ஜாவாவின் அந்தப் பழைய உச்சத்தை ஒரு மொழி தாண்ட 24 வருடங்கள் எடுத்திருக்கிறது. மாதத்துக்கு மாதம் வரும் ஏற்ற இறக்கத்தை நான் பெரிதாக எடுப்பதில்லை. ஆனால் இப்படி இருபது வருடக் கோடு ஒன்று ஒரு பக்கமாகச் சாய்ந்தால் அதை மதிக்கத்தான் வேண்டும்.

மற்றப் பட்டியல்களும் இருக்கின்றன. பிவைபிஎல் என்று ஒன்று. அது ஒரு மொழிக்கான பயிற்சிப் பாடத்தை எத்தனை பேர் கூகுளில் தேடுகிறார்கள் என்று பார்க்கிறது. டியோபே எழுதிக் கிடக்கும் பக்கங்களை எண்ணுகிறது என்றால் இது படிக்க வருபவர்களை எண்ணுகிறது. அதனால்தான் பைதன் ஜாவாவை முந்துவதை இது 2018 இலேயே காட்டிவிட்டது. பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளின் வரவு முதலில் தெரிவது இங்கேதான். ரெட்மங்க் என்ற ஆய்வு நிறுவனம், நிரல்களைப் போட்டு வைக்கும் கிட்ஹப் தளத்தில் இருக்கும் நிரல்களையும், நிரல் எழுதுபவர்கள் கேள்வி கேட்டுப் பதில் பெறும் ஸ்டாக் ஓவர்ஃப்ளோ தளத்தில் நடந்த உரையாடல்களையும் சேர்த்துப் பார்க்கிறது. ஸ்டாக் ஓவர்ஃப்ளோ தானே வருடாவருடம் கருத்துக்கணிப்பு நடத்துகிறது. 2024 இல் 65,000 பேருக்கு மேல் பதில் சொன்னார்கள், அதில் 62 சதவீதம் பேர் ஜாவாஸ்கிரிப்ட் பயன்படுத்துவதாகவும் 51 சதவீதம் பேர் பைதன் பயன்படுத்துவதாகவும் சொன்னார்கள். கணிப்பு ஆங்கிலத்தில் நடக்கிறது, அந்தத் தளத்துக்குப் போய்வருபவர்கள்தான் பதில் சொல்கிறார்கள். எங்கள் வகுப்பிலிருந்து ஒருவரும் இதுவரை அதை நிரப்பியதில்லை.

இவற்றைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோதுதான் எனக்கு உறைத்தது. கிட்ஹப்பின் கணக்கில் 2024 இல் பைதன் ஜாவாஸ்கிரிப்டை முந்தியது. அடுத்த வருடமே, 2025 ஓகஸ்டில், ஜாவாஸ்கிரிப்டிலிருந்து வளர்ந்த டைப்ஸ்கிரிப்ட் இரண்டையும் தாண்டி முதலிடம் போனது. அதே டைப்ஸ்கிரிப்டை டியோபேயில் தேடினால் முதல் இருபதுக்குள்ளேயே கிடையாது! பாஸ்கலின் வழியில் வந்த டெல்பி 2025 இல் அங்கே முதல் பத்துக்குள் நின்ற மாதங்கள் இருக்கின்றன. விசுவல் பேசிக்கும் அங்கே பத்துக்குள் இருக்கிறது. கிட்ஹப்பின் முன்வரிசையில் இந்த இரண்டையும் காண முடியாது. ஒரு வருடம், ஒரே உலகம், இரண்டு அளவுகோல். ஒன்று பொய் மற்றது மெய் என்று இல்லை. கிட்ஹப்பில் இன்று திறந்த வெளியில் எழுதப்படும் புதிய நிரல் தெரியும். டியோபேயில் முப்பது வருடமாக எழுதிச் சேர்ந்த புத்தகமும் பக்கமும் தெரியும்.

என் சொந்தக் கதையையும் இந்த இடத்தில் சொல்லவேண்டும். அது எந்த வரைபடத்தோடும் ஒத்துவராத கதை.

போரால் பூட்டிக் கிடந்த, வடக்கைத் தெற்கோடு இணைக்கும் ஏ-9 பாதை 2002 ஏப்ரலில் திறந்தது. அதுவரை நாங்கள் சைக்கிள் டைனமோவைச் சுற்றி ரேடியோ கேட்ட ஆட்கள். பாதை திறந்ததும் சாமான்கள் வந்தன, அதோடு கொம்பியூட்டரும் வந்தது. 2003 இல் கிளிநொச்சியில் ஒரு கணினி வகுப்பில் சேர்ந்தேன். ஊரில் மின்சாரம் இல்லை. ஜெனரேற்றர் ஓடும் நேரம்தான் பாடம். எண்ணெய் முடிகிறது என்று சத்தம் மாறும்போதே எல்லோரும் கோப்பைச் சேமிக்கத் தொடங்கிவிடுவோம். ஒரு மெசினுக்கு மூன்று பேர். ஒருவர் தட்டச்சு செய்வார், ஒருவர் கொப்பியைப் பார்த்து வாசிப்பார், மூன்றாமவர் பிழை பார்ப்பார். அங்கே படித்தது விசுவல் பேசிக் 6.

ஏன் விசுவல் பேசிக்? டியோபேயைப் பார்த்து ஒருவரும் அதைத் தெரிந்தெடுக்கவில்லை. படிப்பிக்க வந்த அண்ணாவுக்கு அது தெரியும். அதன் சீடி எங்களிடம் இருந்தது. அந்தப் பழைய மெசினில் அது ஓடியது. இணையம் இல்லாமலேயே அதன் உதவிப் பக்கங்களை வாசிக்கலாம். அது 1998 இல் வந்த பதிப்பு. நாங்கள் தொடங்குவதற்கு ஒரு வருடம் முன்னதாகவே, 2002 இல், மைக்ரோசொஃப்ட் அதை விட்டு டொட்நெட் என்ற தன் புதிய தளத்துக்குப் போய்விட்டது. அது எங்களுக்குத் தெரியாது. தெரிந்திருந்தாலும் செய்வதற்கு ஒன்றும் இருந்திருக்காது.

2005 இல் வவுனியா வளாகத்துக்குப் போனேன். அங்கே ஜாவா. ஆரம்பத்தில் அழுகை வந்தது. ஒரு வரியைத் திரையில் காட்டுவதற்கு இத்தனை சொல்லா என்றிருந்தது. 2006 ஓகஸ்டில் பாதை மறுபடி பூட்டியது. நான் ஓமந்தைச் சோதனைச்சாவடிக்கு இந்தப் பக்கம், அப்பா அம்மா அந்தப் பக்கம். அதற்குப் பிறகு மூன்று வருடங்கள் எந்த மொழி முதலாவது என்று எனக்கு ஒரு கவலையும் இருக்கவில்லை. 2009 இல் அப்பாவும் அம்மாவும் செட்டிகுளத்தில் இடம்பெயர்ந்தோர் முகாமில் இருக்கிறார்கள் என்று தெரிந்த நாளன்று எனக்கு ஜாவாவில் ஒரு பரீட்சை இருந்தது. எழுதினேன். இடம்பெயர்ந்தபோது எடுத்துப் போக முடியாமல் வீட்டில் விட்ட பொருட்களோடு என் விசுவல் பேசிக் கொப்பியும் போனது.

மீளக் குடியேறி, ஆசிரியர் நியமனம் கிடைத்து வகுப்புக்குள் போனபோது உயர்தரப் பாடத்திட்டத்தில் பைதன் இருந்தது. இரண்டு கிழமை இரவு விழித்துப் படித்துவிட்டுத்தான் படிப்பித்தேன். ஆக, பைதனை நானாகத் தெரிந்தெடுக்கவில்லை. என் மாணவர்களும் தெரிந்தெடுக்கவில்லை. பாடத்திட்டம் தெரிந்தெடுத்தது. எங்கள் பிள்ளைகள் பரீட்சைக்காகப் பைதன் பாடம் தேடும் ஒவ்வொரு தேடலும் எங்கேயோ ஒரு பட்டியலில் பைதனின் பட்டையை மயிரிழையளவு நீட்டுகிறது. அந்தப் பட்டையைப் பார்த்து இன்னொரு நாட்டில் இன்னொரு பாடத்திட்டக் குழு பைதனைத் தெரிந்தெடுக்கும். பிறகு அந்த நாட்டுப் பிள்ளைகளும் தேடுவார்கள்.

இது எங்கள் நெல்லில் நடந்தது போலத்தான். அப்பாவின் அப்பா காலத்தில் ஆட்டக்காரி, பச்சைப்பெருமாள், மொட்டைக்கறுப்பன் என்று விதைத்தார்கள். இப்போது வயலுக்கு வயல் பிஜி, ஏடி என்று இலக்கம் போட்ட இனங்கள். புதிய இனங்கள் விளைச்சல் கூடியவை, அதில் வாதம் இல்லை. ஆனால் அவை பரவியதற்கு விளைச்சல் மட்டும் காரணம் இல்லை. கமநல சேவை நிலையத்தில் கிடைக்கும் விதை அதுதான். உர அட்டவணை அதற்குத்தான் போட்டிருக்கும். மில்காரர் விலை சொல்வதும் அதற்குத்தான். எந்த விதைநெல் கைக்கு வருகிறதோ அந்த நெல்தான் வயலில் நிற்கும். ஆட்டக்காரியை இன்னும் விடாமல் விதைக்கிறவர்கள் இருக்கிறார்கள், வீட்டுச் சாப்பாட்டுக்கென்று.

மொழிகளின் விதைநெல் பெரும்பாலும் பள்ளிக்கூடத்தில்தான் இருக்கிறது. சூரிச்சில் நிக்லாஸ் விர்த் 1970 இல் பாஸ்கலை வெளியிட்டதே மாணவர்களுக்குச் சீராக நிரல் எழுதப் பழக்குவதற்காக. அமெரிக்கப் பள்ளி மாணவர்கள் எழுதும் ஏபி கணினிப் பரீட்சை 1984 இல் பாஸ்கலோடு தொடங்கியது. 1999 இல் சி++ க்கு மாறியது. 2003 இல் தொடங்கிய கல்வியாண்டிலிருந்து ஜாவா. பாஸ்கலின் பட்டை எப்போது சரிகிறது, ஜாவாவின் பட்டை எப்போது திமிறி நிற்கிறது என்று வீடியோவைத் திரும்ப ஓட்டிப் பார்த்தால் இந்த வருடங்கள் பின்னால் நிற்பது தெரியும். 2014 இல் பிலிப் குவோ என்ற ஆய்வாளர் அமெரிக்காவின் முன்னணிக் கணினித் துறைகளின் முதலாவது பாடத்தை ஆராய்ந்தார். முதல் பத்தில் எட்டுத் துறைகள் பைதனில் படிப்பித்தன. டியோபேயில் பைதன் முதலிடம் வருவதற்கு ஏழு வருடம் முன்பு!

பைதனுக்கு இன்னொரு பக்கமும் உண்டு. குய்டோ வான் ரோசம் அதை 1991 இல் வெளியிட்டபோது அதற்குப் பின்னால் பெரிய நிறுவனம் எதுவும் நின்று விளம்பரம் செய்யவில்லை. விஞ்ஞானிகள் தங்கள் கணக்கு வேலைக்கு அதைப் பிடித்துக்கொண்டார்கள். 2006 இல் எண் கணக்குகளுக்கான நம்பை என்ற நிரல் தொகுப்பு வந்தது, அதன்மேல் தரவைக் கையாளும் பாண்டாஸ் வந்தது. 2015 இல் கூகுள் இயந்திரக் கற்றலுக்கான டென்சர்ஃப்ளோவைத் திறந்துவிட்டது, அடுத்து அதே வேலைக்கான பைடோர்ச். இயந்திரக் கற்றல் அலை அடித்தபோது கரையில் ஏற்கெனவே கட்டி முடித்த படகு பைதனிடம்தான் இருந்தது. பதினைந்து இருபது வருடம் பலர் செய்த வேலை அது. இப்படி மெல்ல ஏறியது மெல்லத்தான் இறங்கும் என்று நினைக்கிறேன்.

சடுதியாக ஏறியவற்றின் கதை வேறு. அதில் என் பிழையும் ஒன்று இருக்கிறது.

2013 அளவில் என்னிடம் படித்து முடித்த ஒரு பையன். கனடாவிலிருக்கும் மாமா தான் பாவித்த மக்புக் ஒன்றை அவனுக்கு அனுப்பியிருந்தார். எதைப் படிக்கட்டும் என்று கேட்டான். நான் டியோபேயைத் திறந்தேன். 2011 இலும் 2012 இலும் ஆண்டின் மொழி என்று அவர்கள் அறிவித்திருந்தது ஐபோன் செயலிகள் எழுதும் ஒப்ஜெக்டிவ்-சி. பட்டியலில் மூன்றாமிடம். ஐபோன் உலகமெல்லாம் விற்றுக்கொண்டிருந்த நேரம். "இதைப் பிடி தம்பி" என்றேன். அவன் பிடித்தான், இரவு பகலாகப் பிடித்தான். 2014 யூனில் அப்பிள் மேடையேறி ஸ்விஃப்ட் என்ற புதிய மொழியை அறிவித்தது. ஒப்ஜெக்டிவ்-சியின் கோடு அதற்குப் பிறகு கீழேதான். அந்த மொழி ஏறியதும் ஒரு நிறுவனத்தால், இறங்கியதும் அதே நிறுவனத்தால். பட்டியலில் எத்தனையாவது என்று பார்த்த நான் எதனால் ஏறியது என்று பார்க்கவில்லை. அவன் ஒன்றும் குறை சொல்லவில்லை, பிறகு ஸ்விஃப்டையும் படித்துக்கொண்டான். ஆனால் எங்கள் பிள்ளைகளுக்கு ஒரு வருடம் என்பது சின்ன விடயம் இல்லை. வீட்டில் அவன் உழைப்பை எதிர்பார்த்து மூன்று பேர் இருந்தார்கள்.

அதனால்தான் சில வருடங்களுக்கு முன் ஒரு துண்டுப்பிரசுரம் கையில் கிடைத்தபோது எனக்குக் கோபம் வந்தது. ஒரு தனியார் வகுப்பின் விளம்பரம். உலகின் முதலாவது மொழி என்று பெரிய எழுத்தில் போட்டு, கீழே ஒரு வரைபடம். அந்த வரைபடத்தின் நிமிர் அச்சில் எண்ணே இல்லை. எதை எண்ணினார்கள், எந்த வருடம், யார் எண்ணியது, ஒன்றும் இல்லை. ஆறு மாதத்தில் வெளிநாட்டு வேலை என்று அடியில் ஒரு வரி. அதைப் பார்த்துத் தோட்டை அடகு வைத்துப் பிள்ளையைச் சேர்த்த ஒரு தாயை எனக்குத் தெரியும். பிள்ளை கெட்டிக்காரி. ஆனால் அங்கே அவளுக்குக் கிடைத்தது உயர்தரப் புத்தகத்தில் இலவசமாக இருக்கும் பாடங்கள்தான். அச்சில் எண் இல்லாத வரைபடத்தை யார் நீட்டினாலும் காசைக் கொடுக்க வேண்டாம் என்று இப்போது ஒவ்வொரு வருடமும் பெற்றோர் கூட்டத்தில் எழுந்து நின்று சொல்கிறேன்.

எண் இருக்கும் வரைபடங்களுக்கும் தெரியாத ஒரு பக்கம் இருக்கிறது. ஒரு நிரல் நன்றாக ஓடிக்கொண்டிருந்தால் யாரும் அதைப் பற்றித் தேடுவதில்லை, கேள்வி கேட்பதில்லை, கட்டுரை எழுதுவதில்லை. அது சத்தமில்லாமல் தன் வேலையைச் செய்யும், பட்டியலில் வராது. 2020 ஏப்ரலில் கொரோனா வந்து அமெரிக்காவில் வேலை இழந்தவர்கள் இலட்சக்கணக்கில் கொடுப்பனவு கேட்டு விண்ணப்பித்தபோது நியூஜேர்சி மாநில ஆளுநர் தொலைக்காட்சியில் வந்து கோபோல் தெரிந்தவர்கள் உதவிக்கு வாருங்கள் என்று கேட்டார். அந்த மாநிலத்தின் பழைய கணினிகள் கோபோலில் ஓடிக்கொண்டிருந்தன. அந்த மொழி உருவாகி 60 வருடம். வீடியோவில் அதன் பட்டை எப்போதோ மறைந்துவிட்டது.

நியூஜேர்சிக்குப் போகத் தேவையில்லை. பரந்தன் பக்கம் ஒரு நெல் மில் இருக்கிறது. அங்கே மூடை நிறுத்துச் சிட்டை அடிக்கும் நிரல் விசுவல் பேசிக் 6 இல் எழுதியது. எழுதியவர் இப்போது நாட்டில் இல்லை. மைக்ரோசொஃப்ட் அந்த மொழியில் நிரல் எழுதும் கருவிக்கான ஆதரவை 2008 இலேயே நிறுத்திவிட்டது, ஆனால் அதில் எழுதியவை இன்றைய விண்டோஸிலும் ஓடும். போகம் போகமாக அந்தத் திரையில்தான் எங்கள் பக்கத்து விவசாயிகளின் கணக்குத் தீர்கிறது, அப்பாவின் கணக்கும் உட்பட. உலகத்தின் எந்தப் பட்டியலிலும் அந்த மெசின் ஒரு புள்ளியாகக்கூட இல்லை.

இப்போது இன்னொரு மாற்றம் வருகிறது, அது எனக்கு உண்மையாகவே கவலை தருகிறது. 2022 நவம்பரில் சாட்ஜிபிடி வந்தபிறகு ஸ்டாக் ஓவர்ஃப்ளோவில் கேள்வி கேட்பவர்கள் வேகமாகக் குறைந்தார்கள். என் மாணவர்களும் அங்கே போவதில்லை, செயற்கை நுண்ணறிவிடம் கேட்கிறார்கள். ஆக அந்த அளவுகோல் நிற்கும் இடத்தில் தண்ணீர் வற்றிக்கொண்டு வருகிறது, கோல் மட்டும் நிற்கிறது. இனி அதை வாசித்து ஒரு மொழி இறங்கிவிட்டது என்று சொன்னால் நம்ப முடியாது. அதோடு இந்தக் கருவிகள் எழுதிக் கிடப்பதைப் படித்துத்தான் தேறுகின்றன. நிறைய எழுதப்பட்ட மொழியில் கேட்டால் நல்ல விடை வருகிறது, குறைவாக எழுதப்பட்டதில் கேட்டால் தடுமாறுகிறது. அதனால் பிள்ளைகள் பெரிய மொழிக்கே போவார்கள், அது இன்னும் பெரிதாகும். இதே கருவியிடம் பைதன் கேள்வியைத் தமிழில் கேட்டபோதும் ஆங்கிலத்தில் கேட்டபோதும் கிடைத்த விடைகளைப் பக்கத்தில் வைத்து வகுப்பில் காட்டினேன். பிள்ளைகளுக்கு விளக்கம் தேவைப்படவில்லை. நான் இப்படித் தமிழில் எழுதிக்கொண்டிருப்பதற்கு அதுவும் ஒரு காரணம்.

சரி, பையனிடம் என்ன சொன்னேன்?

பைதனை விடாதே என்றேன். ஆனால் அது முதலாவது என்பதற்காக இல்லை. உனக்குப் படிப்பிக்க ஆள் இருக்கிறது, புத்தகம் தமிழில் இருக்கிறது, உன் வீட்டு மெசினில் ஓடுகிறது, பரீட்சைக்கும் வருகிறது. இத்தனையும் ஒன்றாகக் கிடைப்பது லேசான விடயம் இல்லை. நான் விசுவல் பேசிக் படித்ததற்கும் இதேதான் காரணம் என்றேன். ஒரு மொழியில் ஒரு வேலையைத் தொடங்கி முடித்துப் பழகு, நடுவில் ஓடிப்போகாதே. பட்டியல் பார்க்கத்தான் வேண்டும் என்றால் பத்து வருடக் கோட்டைப் பார், அது எதை எண்ணியது என்று முதலில் வாசி, யார் தூக்கியதால் ஏறியது என்று கேள். கம்பஸ் முடிக்கும்போது எது முதலாவதாக இருக்கும் என்று எனக்குத் தெரியாது என்பதையும் ஒளிக்காமல் சொன்னேன்.

அவன் முகம் அவ்வளவாகத் தெளியவில்லை. அதனால் வேறொன்று செய்தேன். மில் ஐயா புது பிரின்டர் வாங்கியிருந்தார். சிட்டையில் கடைசி வரி வெட்டுப்படுகிறது, யாராவது பார்ப்பீர்களா என்று என்னிடம் இரண்டு முறை கேட்டுவிட்டார். இவனை அனுப்பினேன். நிரலின் மூலக் கோப்புகள் அதே மெசினில் ஒரு மூலையில் இருந்தன.

அன்று இரவு ஏழு மணிக்கு வாட்ஸப்பில் ஒரு படம் வந்தது. நான் கிளிநொச்சியில் ஜெனரேற்றர் வெளிச்சத்தில் பார்த்த அதே சாம்பல் நிறத் திரை. பின்னாலேயே அழைப்பும் வந்தது.

"டீச்சர், வரிக்கு வரி டிம் டிம் எண்டு கிடக்கு. இது என்ன?"

மாறிகளை அறிவிக்கிற சொல் என்றேன். பைதனில் அது தேவையில்லை, அதனால் நீ கண்டிருக்க மாட்டாய். 1964 இல் பேசிக் மொழியைச் செய்த கெமெனியும் கேர்ட்ஸும் அணிகளுக்கு இடம் ஒதுக்க அந்தச் சொல்லை வைத்தார்கள், விசுவல் பேசிக் அதை அப்படியே எடுத்துக்கொண்டது. அவர்களுக்கு முன்னால் 1957 இல் ஃபோர்ட்ரானில் டைமென்ஷன் என்று முழுச் சொல்லாக இருந்தது, அதன் முதல் மூன்று எழுத்துத்தான் நீ பார்ப்பது.

கொஞ்ச நேரம் சத்தம் இல்லை. மில் மோட்டார் இரைவது மட்டும் கேட்டது.

"ஃபோர்ட்ரான் எண்டால் அந்த வீடியோவில முதல் வந்த பட்டையோ டீச்சர்?"

"ஓம், அதுதான்."

"அப்ப சரி. கடைசி வரி எங்க வெட்டுப்படுது எண்டு கண்டுபிடிச்சிட்டன், மாத்திப் பாக்கப்போறன். வீட்டை போக ஒன்பதாகும். அம்மாவுக்கு ஒருக்கா சொல்லிவிடுங்கோ."